கால், அரை, முக்கால்

கம்ப்யூட்டர் விவகாரத்தை இந்தப் பக்கங்களுக்குக் கொண்டுவரத் தயக்கம்தான். ஆனால் நான் சொல்ல வந்தது வாசிப்பைப் பற்றி.

போடிமெட்டுக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த நண்பர் 2016இல் இறந்துபோனார். என்னைவிட இருபது வயது மூத்தவர். புத்தகம் எதுவும் போட்டவரில்லை. பதினைந்து வருஷங்களாக வாசித்தவை பற்றி அவர் எழுதிவைத்த குறிப்புகள் ஒரு குறுந்தகட்டில் என்னிடம் வந்து சேர்ந்தன. எல்லாம் டிஸ்கியில் அடித்து, இணையப் பக்கங்களாகச் சேமித்தவை.

யூனிகோடு பரவுவதற்கு முன், தொண்ணூறுகளின் இறுதியில், பல நாடுகளிலிருந்த தமிழர்கள் மின்னஞ்சலில் விவாதித்து வகுத்துக்கொண்ட குறியேற்றம் டிஸ்கி. மதுரைத் திட்டத்தின் நூல்கள் பல அதில் வந்தன. ஐரோப்பிய எழுத்துகளும் குறிகளும் இருந்த இடங்களில் தமிழைக் குடிவைத்த ஏற்பாடு. உரிய எழுத்துரு இல்லாமல் திறந்தால் 'ட' கால் என்ற பின்னமாகத் தெரியும், 'ண' அரை, 'த' முக்கால். 'நான்' என்ற சொல் தலைகீழாக நிற்கும் கேள்விக்குறியோடு ஆரம்பிக்கும். உலகம் யூனிகோடுக்குப் போன பிறகும் நண்பர் பிடிவாதமாக இதிலேயே எழுதினார்.

இந்தப் பின்னங்களைத் தமிழாக்கிக் காட்ட என் ஃபயர்ஃபாக்ஸ் உலாவியில் ஒரு சிறு நீட்சி இருந்தது. யாரோ ஒருவர் இலவசமாக எழுதிக் கொடுத்தது. 2017 நவம்பர் 14 அன்று ஃபயர்ஃபாக்ஸ் 57 வெளியானது. தானாகப் புதுப்பித்துக்கொள்ள நான்தான் அனுமதி கொடுத்து வைத்திருந்தேன். மறுநாள் வங்கியிலிருந்து வந்து திறந்தபோது நண்பர் மறுபடியும் பின்னமாகிவிட்டிருந்தார்.

காரணம் நியாயமானதுதான். பழைய நீட்சிகள் உலாவியின் உள்ளுறுப்பு எதையும் தொடலாம். அதனால் உள்ளே எதைச் சீர்திருத்தினாலும் அவை முறியும், பாதுகாப்புக்கும் ஓட்டை. 2015லேயே அறிவித்துவிட்டுத்தான் செய்தார்கள். எங்கள் ஊர்க்காரனுக்கு இது புரியாத விஷயமில்லை. மதுரை-போடி மீட்டர்கேஜ் ரயில் 2010 இறுதியில் நின்றது. அகலப்பாதையில் ரயில் போடிக்கு வந்தது 2023 ஜூனில். பாதை அகலமானது நல்லதுதான். பழைய பெட்டி அதில் ஓடாது என்பதும், இடையில் பன்னிரண்டு வருஷம் பஸ்ஸில் போனோம் என்பதும் அதே அளவு உண்மை.

நானும் மாற்று வண்டி தேடினேன். ஃபயர்ஃபாக்ஸின் நிரலிலிருந்து 2009இல் பிரிந்த பேல்மூன், 2011இல் வந்த வாட்டர்ஃபாக்ஸ், பழைய மொஸில்லா தொகுப்பின் வாரிசான சீமங்கி என்று சில இருந்தன. சிலரோ பலரோ, விட்டுப்போன கதவுகளைத் திறந்தே வைத்திருந்தார்கள். முந்நூறு பிரதி அச்சிடும் பத்திரிகைக்காரர்களின் புத்தி. ஒவ்வொன்றாக நிறுவிப் பார்த்தேன். பேல்மூனில், கொஞ்சம் முரண்டுபிடித்து, நீட்சி வேலை செய்தது. 'த' மறுபடி 'த' ஆனது. அன்று இரவு நான் அடைந்த சந்தோஷம் ஒரு நல்ல கவிதையைப் படித்த சந்தோஷத்துக்குக் குறைந்ததல்ல என்று நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்பில்தான் கோளாறு.

2024இல் குரோமும் பழைய வகை நீட்சிகளை நிறுத்தத் தொடங்கியது. எங்கள் கிளையில் புதிதாகச் சேர்ந்த பையன் விளம்பரத் தடுப்பு போய்விட்டதென்று புலம்பினான். "வேற எதுக்கு மாறலாம்ணே?" என்றான். டீக்கடையில் நின்று அரைமணி நேரம் பிரசங்கம் செய்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அந்த சிடில அவர் என்னண்ணே எழுதியிருக்காரு?" என்று கேட்டான்.

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. ஏழு வருஷமாக உலாவியைப் பராமரித்தேன். எழுத்துருவைப் பிரதியெடுத்து வைத்தேன். நீட்சியை மூன்று இடங்களில் சேமித்தேன். படித்தது பத்துப் பக்கம் இருக்கும்.

அன்றிரவு உட்கார்ந்து படித்தேன். என் முதல் விமர்சனக் கட்டுரை பற்றியும் ஒரு குறிப்பு இருந்தது. ஆங்கில இலக்கியம் படித்த பையன், கவிதையின் முன் உட்காருவதற்குள் கருவிகளை எடுத்துப் பரப்பிவிடுகிறான், அவை பளபளவென்று இருக்கின்றன, கவிதையை எங்கேயும் காணோம் என்கிற அர்த்தத்தில் எழுதியிருந்தார். 2012இல் எழுதியது. நேரில் ஒருநாளும் சொன்னதில்லை. அவர் படிக்கமுடியாத எழுத்தாக இருந்தது எனக்குச் சௌகரியமாகவும் இருந்திருக்கிறது. அப்படியொரு குறிப்பு இருக்குமென்று உள்ளூர எதிர்பார்த்திருந்தேனோ என்னவோ.

வங்கியில் நாங்கள் பழைய பேரேட்டைப் பூஜிப்பதில்லை. இருப்பை அடுத்த பேரேட்டுக்குக் கொண்டுபோகிறோம். பேரேடு பரணுக்குப் போகும். டிஸ்கியை யூனிகோடாக்கும் மாற்றிகள் பல வருஷங்களாகவே இருக்கின்றன. கோப்பைக் கொடுத்தால் நொடியில் மாற்றித் தரும். எனக்குத் தெரிந்தேதான் இருந்தது. மாற்றிவிட்டால் காப்பாற்ற ஒன்றுமிருக்காது, படிப்பதுதான் பாக்கியிருக்கும்.

இப்போது தினமும் ஒரு கோப்பு மாற்றுகிறேன். மாற்றியபின் மூலத்தோடு வரிவரியாக ஒப்பிட்டுப் படிக்கிறேன். பாதிக்கு மேல் வந்துவிட்டேன். எந்த உலாவியிலும் திறக்கும். அவருடைய தீர்ப்புகளில் பாதியோடு எனக்குச் சண்டை இருக்கிறது. என்னைப் பற்றிய தீர்ப்போடு இல்லை.