பலகைக் கட்டில்

முதுகுவலிக்குப் பலகைதான் மருந்து என்று 1991இல் டாக்டர் சொன்னார். கட்டிலில் ஒரு ஜமுக்காளம் மட்டும் விரித்தேன். மனைவி இலவம்பஞ்சு மெத்தையோடு கூடத்துக்குப் போய்விட்டாள். வலி குறையவில்லை. ஆனால் கடினமாகப் படுப்பதில் ஒரு கௌரவம் இருந்தது. கடினமான வரிகளே நல்ல வரிகள் என்று நண்பர்கள் நம்பிய காலம். உடம்புக்கும் அதே அளவுகோல்.

2003இல் லான்செட்டில் வெளியான ஸ்பெயின் ஆய்வைப் பல வருஷம் கழித்துத்தான் படித்தேன். நாள்பட்ட இடுப்புவலிக்காரர்கள் 313 பேர். சிலருக்குக் கெட்டி மெத்தை, சிலருக்கு நடுத்தரக் கெட்டி. 90 நாளில் அதிகம் தேறியவர்கள் நடுத்தரக்காரர்கள். பலகையை யாரும் சோதிக்கவேயில்லை.

கடைக்குப் போனோம். விற்பவர் மல்லாக்கப் படுக்கச் சொன்னார். நான் தூங்குவதோ ஒருக்களித்து. தோளும் இடுப்பும் சற்றே அமிழ வேண்டும், முதுகெலும்பு நேராக நிற்க வேண்டும். ஐந்தாவது மெத்தையில் அது கிடைத்தது. தேங்காய்நார், மேலே ரப்பர். மனைவியையும் படுத்துப் பார்க்கச் சொன்னேன்.

"இதுலே தோள் உறுத்தலை" என்றாள்.

அவளுக்குத் தோள்வலி உண்டென்று அப்போதுதான் எனக்குத் தெரியும்.

பழைய கட்டில் நாலடி அகலம். வயதான இரண்டு உடம்புகளுக்குப் போதாது. ஆசாரியிடம் ஐந்தடிக்குச் சொல்லியிருக்கிறேன்.