பவுடர் டப்பா

பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் ஒரு பழைய பவுடர் டப்பா வைத்திருந்தேன். அதில் 143 டாமோக்சிஃபென் மாத்திரைகள். ஐந்து மாதம், ராத்திரி தவறாமல் அட்டையிலிருந்து பிதுக்கினேன். பயம் வந்த ஏழெட்டு நாள் தவிர, விழுங்கவில்லை. காலி அட்டையைக் குப்பைக் கூடையில் பார்த்தால் வீட்டுக்காரர் நிம்மதியாகத் தூங்குவார், அதற்காகத்தான் அந்த நாடகம்.

எனக்கு 38 வயது. மார்பில் வந்தது ஹார்மோனைத் தின்று வளர்கிற கட்டி. ஆபரேஷன், கீமோ, ரேடியேஷன் முடிந்தபின் தினம் 20 மில்லிகிராம், குறைந்தது ஐந்து வருடம் என்றார்கள். கீமோ சமயத்தில் மொட்டைத் தலையோடு பேங்க் கேஷ் கவுன்டரில் உட்கார்ந்தவள் நான். பார்த்தவர்களெல்லாம் தைரியசாலி என்றார்கள். அந்தப் பெயர்தான் வினையாயிற்று.

மாத்திரை ஆரம்பித்த இரண்டாம் மாதமே, நடுராத்திரியில் நெஞ்சிலிருந்து உச்சிக்குக் குப்பென்று சூடு ஏறும். நைட்டியைப் பிழியலாம். சற்று நேரத்தில் நடுங்கவைக்கும் குளிர். நோட்டு எண்ணும்போது வந்தால் கணக்கு தப்பிவிடும். இரண்டு தடவை கைக்காசைப் போட்டுச் சரிக்கட்டினேன். இதையெல்லாம்கூடச் சொல்லிவிடலாம். அந்த இடத்து வறட்சியை, வலிக்குப் பயந்து சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டதை, மாமியார் பக்கத்தில் உட்கார்ந்திருக்க எப்படிச் சொல்வது? "மாத்திரை ஒழுங்கா போடுறீங்களா?" என்று டாக்டரம்மா கேட்டால், "போடுறேன் மேடம், ஒரு தொந்தரவும் இல்ல" என்பேன். மாமியார்மேல் பழி போடுவது சுலபம். தனியாகப் போன அன்றும் அதையேதான் சொன்னேன்.

அதைவிடக் கேவலம் ஒன்று உண்டு. செக்கப் வரிசையில் பழக்கமான 29 வயதுப் பெண் ஒருத்தி, "முடியலக்கா, நிறுத்திடலாமான்னு இருக்கு" என்று அழுதாள். "போகப்போகப் பழகிடும், நான் போடலையா?" என்றேன். அன்றைக்கு டப்பாவில் ஐம்பது மாத்திரையாவது இருந்திருக்கும்.

பிரான்சில் இதே மாத்திரை எழுதிக்கொடுக்கப்பட்ட, மாதவிடாய் நிற்காத 1177 பெண்களின் ரத்தத்தைச் சோதித்து 2020-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று போனில் கண்ணில் பட்டது. நூற்றுக்குப் பதினாறு பேர் ரத்தத்தில் போதிய மருந்து இல்லை. அவர்களில் பாதிக்கு மேல், போடுவதாகவே சொல்லியிருந்தவர்கள். அட, நம்மைப்போல அங்கேயும் இருக்கிறார்கள் என்று ஒரு நொடி ஆறுதல். போடாதவர்களுக்கு நோய் மற்ற உறுப்புகளுக்குப் பரவியது அதிகம் என்று அடுத்து எழுதியிருந்தது.

மறுநாளே டப்பாவோடு போனேன். டாக்டரம்மா மூடியைத் திறந்து பார்த்தார், மூடினார், திட்டவில்லை. வறட்சிக்கு ஹார்மோன் இல்லாத ஜெல், சூட்டுக்குக் குறைந்த அளவில் வென்லாஃபாக்சின் எழுதினார். மனச்சோர்வுக்கென்று நானாக எதையும் வாங்கக் கூடாதாம். பராக்ஸெடின் மாதிரி சில மருந்துகள் டாமோக்சிஃபெனை உடம்பில் வேலை செய்ய விடாதாம்.

இப்போது விழுங்குகிறேன். சூடு குறைந்திருக்கிறது, போய்விடவில்லை. அந்தப் பெண்ணிடம் இன்னும் உண்மையைச் சொல்லவில்லை. போன வாரம்கூட, "உங்கள நெனச்சுத்தான்கா போடுறேன்" என்றாள்.