டொலுவீனுக்குப் பின்னால் வந்த பீக்

பாலிமர் கலவையை ஜி.பி.சி.-யில் ஓட்டினா பெரிய மூலக்கூறு முதலில் வருமா, சின்னதா? வைவாவில் கேட்டா நம்மில் பாதிப் பேர் "சின்னது"ன்னுதான் சொல்லுவோம். உண்மை தலைகீழ். 'காலம்'னு லேபில் சொல்ற அந்த எஃகுக் குழாய்க்குள்ள நுண்துளை மணிகள் நிரப்பியிருக்கும். சின்ன மூலக்கூறு துளை துளையா நுழைஞ்சு நிதானமா வரும். பெரியதுக்கு நுழைய இடமில்லை; நேரா வெளியே வந்துடும்.

இறுதியாண்டு ப்ராஜெக்டில் என் வேலை, ரெண்டு குழாய்களை ஒப்பிடுவது. ஒன்றில் பூச்சு எதுவும் இல்லாத வெறும் சிலிக்கா. மற்றதில் ஸ்டைரீன்-டைவினைல்பென்சீன் ஜெல். 1964-இல் டவ் கெமிக்கலின் மூர் அறிமுகப்படுத்திய வகை. சிலிக்கா கல் மாதிரி, கரைப்பானை மாத்தினாலும் அசையாது. ஜெல்லுக்கு அந்தத் தைரியம் கிடையாது. பொருந்தாத கரைப்பான் போனா சுருங்கிடும். டி.எச்.எஃப். ஓட்டி, பாலிஸ்டைரீன் ஸ்டாண்டர்டுகளைச் செலுத்தினேன். ரெண்டும் வரிசை தப்பாமல் பிரித்தன. டொலுவீன் பீக்கை வைத்து ப்ளேட் எண்ணிக்கையும் போட்டாச்சு. சிலிக்காவே போதும்னு முடிவு கட்டிட்டேன்.

அப்போதான் எம்.டெக் அக்கா ஒருத்தர் சாம்பிள் கொடுத்தார். பி.இ.ஜி. சங்கிலிகளை ஒன்றோடொன்று கோத்து நீளமாக்குவது அவர் வேலை. சிலிக்காவில் ஓட்டினேன். பீக் ரொம்பத் தாமதமா, வால் நீண்டு வந்தது. "அக்கா, சங்கிலி நீளவே இல்லை, உடைஞ்சிருக்கும் போல"ன்னு சொல்லிட்டேன். அவர் ஒண்ணும் பேசலை. மூணு வாரம் உட்கார்ந்து சிந்தெசிஸை முதலிலிருந்து செய்தார். ரெண்டாவது சாம்பிளும் அதே மாதிரிதான் வந்தது.

அன்னிக்கு ராத்திரி கிராஃபுகளை ஒண்ணுமேல ஒண்ணு வச்சுப் பார்த்தேன். டொலுவீன் 10-ஆவது நிமிஷம். அக்காவோட பீக் 12. கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. டொலுவீன் எல்லாத் துளைக்குள்ளும் போய்வரும் குட்டி மூலக்கூறு. அளவை வச்சுப் பிரிச்சா அதுக்குப் பின்னால் எதுவுமே வர முடியாது. வந்தா, மணி அதைப் பிடிச்சு வச்சிருக்குன்னு அர்த்தம். சிலிக்கா மேற்பரப்பில் ஓ.எச். குழுக்கள் இருக்கு, பி.இ.ஜி.-யின் ஆக்சிஜன் அதோட ஹைட்ரஜன் பிணைப்பில் ஒட்டிக்கும். பாலிஸ்டைரீனில் அப்படி ஒட்ட ஆக்சிஜனே இல்லை. அதை மட்டும் வச்சுச் சோதிச்ச எனக்கு எப்படித் தெரியும்?

மறுநாள் அலமாரியில் இருந்த, 6000-னு லேபிள் ஒட்டின பி.இ.ஜி.-யை ஓட்டினேன். சிலிக்காவில் அதுவும் டொலுவீனுக்குப் பின்னால். ஜெல்லில் ஒழுங்கா முன்னால் வந்தது. அக்காவோட முதல் சாம்பிள் அதுக்கும் முன்னால். நீங்க பேக்கிங் சோதிக்கும்போது, பிரிக்கப்போற பாலிமரிலேயே அளவு தெரிஞ்ச ஒண்ணை முதல் நாளே ஓட்டிப் பாருங்க.

அக்காகிட்ட கிராஃபை நீட்டி, தப்பு என்னோடதுன்னு சொன்னேன். ரொம்ப நேரம் அதையே பார்த்துட்டிருந்தார். "முதல் சாம்பிள் மிச்சம் இருக்கா, கொட்டிட்டியா?"ன்னு மட்டும் கேட்டார். இருந்தது.