எந்த ஷஅபான்?



கலீஃபா உமர் (ரலி) அவர்களிடம் ஒரு கடன் பத்திரம் கொண்டுவரப்பட்டது. தவணை 'ஷஅபான்' என்று மட்டுமே அதில் இருந்தது. எந்த ஷஅபான்? சென்றதா, நடப்பதா, வருவதா? என்று அவர்கள் வினவியதாக வரலாற்று நூல்களில் காண்கிறோம். ஹிஜ்ரத்தைத் தொடக்கமாகக் கொண்ட ஆண்டுக் கணக்கு தோழர்களின் ஆலோசனையுடன் ஏற்பட்டதற்கு இத்தகைய குழப்பங்களே காரணம்.

நமது செட்டிநாட்டிலும் இச்சிக்கல் உண்டு. ஒரு பழைய ஓலையில் 'சுக்கில வருடம்' என்று மட்டும் இருந்தால் அது 1929ஆ, 1989ஆ என்று எப்படி அறிவது? தமிழ் ஆண்டுப் பெயர்கள் 60 ஆண்டுக்கொரு முறை திரும்பி வருபவை.

இன்று நிக்காஹ் தஃப்தரும் ஜகாத் கணக்கும் கணினிக்கு மாறிவருகின்றன. ஆனால் உமர் (ரலி) அவர்களின் கேள்வி மாறவில்லை. நம் மக்தபின் மாணவர் பதிவேட்டைக் கணினியில் ஏற்றித் தந்தவர்கள், பிறந்த தேதிகளை வெறும் எழுத்தாக ஏற்றியிருந்தனர். வயது வரிசை கேட்டபோது, 02/11/2014இல் பிறந்த சிறுவன் 25/01/2009இல் பிறந்த மாணவனுக்கு மூத்தவனாக நின்றான். எழுத்தாகப் பார்க்கும் கணினிக்கு 02 என்பது 25க்கு முந்தியது, அவ்வளவே. 03/04/2012 என்பதோ நமக்கு ஏப்ரல் 3, அமெரிக்க முறையில் அமைந்த மென்பொருளுக்கு மார்ச் 4. நாள் 12ஐத் தாண்டினால்தான் இப்பிழை வெளியே தெரியும். அதுவரை மௌனமாக இருக்கும்.

கணினி பயின்ற நம் மஹல்லா இளைஞர் ஒருவர் தீர்வை விளக்கினார். தேதியைத் தேதிக்குரிய வகையிலேயே, ஆண்டு-மாதம்-நாள் என்ற வரிசையில் சேமிக்க வேண்டும். 1988இல் வெளியான ஐ.எஸ்.ஓ. 8601 என்னும் உலகத் தரம் கூறுவதும் இவ்வரிசையே. மக்களுக்குக் காட்டும்போது மட்டும் நாள்-மாதம்-ஆண்டு என வடிவம் மாற்றலாம். மைஎஸ்கியூஎல்லில் அதற்கு 'டேட் ஃபார்மட்' என்ற கட்டளையும், போஸ்ட்கிரெஸில் 'டு சார்' என்ற கட்டளையும் உள்ளன. இங்கும் கவனம் தேவை. போஸ்ட்கிரெஸில் 'எம்எம்' என்பது மாதம், 'எம்ஐ' என்பது நிமிடம். இரண்டையும் மாற்றி எழுதினால், மே மாதத்து நிக்காஹ் அனைத்தும் ஐந்தாம் நிமிடத்திலேயே நடந்ததாகச் சான்றிதழ் சொல்லும்!

அமானிதக் கணக்கில் இதைவிடப் பெரிய ஆபத்தும் உண்டு. நேரத்துடன் பதிவான நன்கொடைகளை 'மார்ச் 1 முதல் மார்ச் 31 வரை' என்று கேட்டால், கணினி 31ஆம் தேதியை நள்ளிரவு 12 மணியோடு முடித்துவிடும். அன்று லுஹருக்குப் பின் ஒரு தாய் கொடுத்த தொகை கணக்கில் வராது. 'ஏப்ரல் 1க்கு முன்பு வரை' என்று கேட்பதே சரி.

நமது மார்க்கத்தின் கணக்கோ இன்னும் நுட்பமானது. மஃக்ரிபில் புதிய நாள் பிறந்துவிடுகிறது. ஆகவே நேரமின்றித் தேதியை மட்டும் பதிந்தால் ஹிஜ்ரி நாளைச் சரியாக அறிய இயலாது. கணினி கூட்டிச் சொல்லும் ஹிஜ்ரி தேதியும் நம் பகுதியில் பார்த்த பிறையிலிருந்து ஒருநாள் விலகக்கூடும். ஜகாத்துக்குரிய ஆண்டு சந்திர ஆண்டாகும். அது ஏறத்தாழ 354 நாட்கள். 'ஓர் ஆண்டு கூட்டு' என்று கணினிக்குச் சொன்னால் அது ஆங்கில ஆண்டையே கூட்டும். ஒவ்வோர் ஆண்டும் 11 நாட்கள் தள்ளிப்போய், 33 ஆண்டுகளில் ஏழையின் ஓராண்டு ஹக் முழுவதும் விடுபட்டுப்போகும். ஏமாற்றியவர் எவருமில்லை, ஆயினும் ஏழைக்குச் சேரவேண்டியது சேரவில்லை.

கடனைத் தவணையுடன் எழுதி வைக்கும்படி ஏவும் வசனமே திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் (2:282). எழுதுகோல் விசைப்பலகையாக மாறினாலும் அக்கட்டளை மாறவில்லை. ஆகவே ஜமாஅத் பொறுப்பாளர்களே, உங்கள் பதிவேட்டைக் கணினியில் ஏற்றுபவரிடம் தேதி எவ்வாறு சேமிக்கப்படுகிறது என்று ஒருமுறை கேளுங்கள். நம் பிள்ளைகளுள் கணினி கற்றோர் இப்பணியை ஒரு கித்மத்தாக ஏற்கட்டும்.

நம் கணக்குகளை நேர்மையாக்கி, மறுமையின் கேள்வி கணக்கை அல்லாஹ் நமக்கு இலேசாக்குவானாக. ஆமீன்.