போட்டுக்காரர் வேண்டாம்னா வேண்டாம்தான்



ரெண்டு நாளா நம்ம கோயில் வாட்ஸ்அப் குழுவுல ஒரே கிண்டல். "மீன் பிடிக்கப் போன தொண்டர் படை காத்துக்குப் பயந்து ஒளிஞ்சுக்கிச்சாம்." சிரிச்சவங்க இதையும் படிச்சிடுங்க.

நானும் தண்ணீர்ப் பந்தல் தம்பிங்க மூணு பேரும் தெமெங்கோர் ஏரிக்குப் போனோம். கிரிக்கைத் தாண்டி, கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையில யானை கடக்கும்னு பலகை வச்சிருக்கிற காட்டுப் பக்கம். தீபகற்பத்துல கென்யிருக்கு அடுத்த பெரிய ஏரி. 1970களில் மின்சாரத்துக்காக அணை கட்டினப்ப காடு அப்படியே முங்கிப் போச்சு. செத்த மரங்கள் இன்னும் தண்ணிக்குள்ள நிக்குது. இதை மனசுல வச்சுக்குங்க.

தம்பிங்க பேராக் ஈயக்குட்டைகள்ல பீகாக் பாஸ் பிடிச்சுப் பழகினவங்க. அங்க கரையில நின்னே வீசலாம், காத்து அடிச்சா வீட்டுக்குக் கிளம்பிடலாம். இங்க போட்டுல ஒன்றரை மணி நேரம் போனாத்தான் இடம்.

காலையில தண்ணி கண்ணாடி மாதிரி இருந்துச்சு. ரெண்டு செபாராவ், ஒரு டோமான். பதினொரு மணிக்கு மேல காத்து பிடிச்சுது. லைன் வில்லு மாதிரி வளைஞ்சா மீன் தொட்டது கையில தெரியாது. அதனால கனமான ஸ்பூன் மாத்தி, காத்து போற பக்கமா வீசி, கோல் நுனியைத் தாழ்த்திப் பிடிச்சோம். காத்து தள்ளுற கரையில சின்ன மீனுங்க ஒதுங்கும், அதைத் தேடி பெருசு வரும். இன்னொரு செபாராவ் கிடைச்சுது. தம்பிங்களுக்கு ஒரே உற்சாகம்.

அப்பதான் போட்டுக்காரர் லைனைச் சுத்தச் சொன்னார். ஓராங் அஸ்லிக்காரர், என் வயசுதான் இருக்கும். ஒரு தீவு மறைவுல கொண்டுபோய் மரத்துல கயிறு கட்டி, "துங்கு டுலு"ன்னு சொல்லிட்டு உட்கார்ந்துட்டார்.

மணி ரெண்டாச்சு. ஒரு தம்பிக்கு அன்னைக்கு இரவு ஷிப்ட். போகலைன்னா மாச வருகைப் படி போயிடும். வீட்டுல கைக்குழந்தை, அந்தக் காசு அவனுக்குப் பால்மாவு. "அண்ணே, நீங்க சொன்னா அவரு கேப்பாரு. அலை அவ்வளவு பெருசா இல்லியே"ன்னான்.

போட்டுக்காரர்கிட்ட கேட்டேன். அவர் தண்ணியைக் கை காட்டினார். காலையில நாங்க சுத்திப் போன மரக்கட்டை ஒண்ணுகூட வெளிய தெரியல, அலை மூடிடுச்சு. அலையைவிட அதுதான் ஆபத்துன்னார். கட்டையில மோதினா போட்டு கவிழ்ந்துடும். அதுக்கு மேல நான் பேசல.

தொழிற்சாலையில என் லைன்ல ஒரு சிவப்பு பட்டன் இருக்கு. நேத்து சேர்ந்த பிள்ளை அமுக்கினாலும் மிஷின் நிக்கும். காரணத்தைப் பிறகு கேட்டுக்கலாம். நிறுத்தினவனைத் திட்டினா அடுத்த தடவை எவனும் அமுக்க மாட்டான். அன்னைக்குத்தான் ஒருத்தன் விரல் போகும்.

போன்ல லைன் இல்ல. இருந்த பிஸ்கட்டைப் பங்கு போட்டுச் சாப்பிட்டோம். அந்தத் தம்பி மட்டும் முகத்தைத் திருப்பிக்கிட்டு உட்கார்ந்திருந்தான். அஞ்சரைக்குக் காத்து அடங்கிச்சு, மெதுவா ஜெட்டிக்கு வந்து சேர்ந்தோம். அவனுக்குப் படி போனது உண்மைதான். அவங்க அம்மா என்கிட்ட கோவமாத்தான் பேசினாங்க. கேட்டுக்கிட்டேன். கோவப்படுறதுக்குப் பிள்ளை வீட்டுல இருக்கான்ல.

திருவிழாவுக்கு ஆத்தங்கரையில நம்ம தொண்டர்கள் நிப்பாங்க. மலையில மழை, கெப்பாலா ஆயர் வரலாம், இப்ப இறங்காதீங்கன்னு ஒரு சின்னப் பையன் சொன்னா, "நீ யாருடா என்னைத் தடுக்க"ன்னு கேட்காதீங்க. பால்குடம் அரை மணி நேரம் தாமதமானா முருகன் கோவிச்சுக்க மாட்டார்.

ஏரிக்குப் போறவங்க லைஃப் ஜாக்கெட்டைக் கழட்டாதீங்க. எந்த ஜெட்டி, எத்தனை பேர்னு வீட்டுல சொல்லிட்டுப் போங்க.

ஞாயிறு காலை 7 மணிக்கு மண்டபம் கழுவணும். கிண்டல் பண்ணினவங்க முதல்ல வந்துடுங்க.

முருகா சரணம்.