பானையில் குடியிருக்கும் விரியன்கள்

2023ஆம் ஆண்டின் பத்மஸ்ரீ விருதுப் பட்டியலில் வடிவேல் கோபால், மாசி சடையன் என்னும் இருளர் இருவரின் பெயர்களைப் பத்திரிகையில் கண்ட நாள்தொட்டு, பாம்பு பிடிப்பதையே பரம்பரைத் தொழிலாகக் கொண்ட அம்மக்களின் கூட்டுறவுச் சங்கத்தை நேரில் பார்த்துவிட வேண்டுமென்ற ஆவல் எனக்கு இருந்துகொண்டே இருந்தது. நண்பர் ஒருவர் அறிமுகம் செய்து வைக்க, மகாபலிபுரம் செல்லும் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலிக்குப் பிரயாணப்பட்டேன். 1978இல் தோன்றிய அச்சங்கம் அங்குள்ள முதலைப் பண்ணையின் வளாகத்திற்குள்ளேயே இயங்குகிறது.

கண்ணாடிப் பெட்டிகளை எதிர்பார்த்துச் சென்ற என் கண்ணில் பட்டவை, வாயில் துணி கட்டி வரிசையாக வைக்கப்பட்ட மண்பானைகளே. உள்ளே மணல், அதன்மேல் பாம்பு. பானையின் குளுமையும் இருட்டும், வளைக்குள் வாழ்ந்து பழகிய ஜந்துவுக்கு இதமானவை என்பதை இவர்கள் எந்தச் சாஸ்திரமும் படித்து அறிந்துகொள்ளவில்லை. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கே இங்கு இடம்.

முதியவர் ஒருவர் சுருட்டை ஒன்றைக் கொக்கியால் தூக்கித் தரையில் விட்டார். ஒரு சாண் நீளத்தைச் சற்றே கடந்த அந்த அற்ப உருவம், மடிப்பு மடிப்பாய்ச் சுருண்டு, பக்கச் செதில்களை ஒன்றோடொன்று உரசி, ரம்பம் மரத்தை அறுப்பது போன்றதோர் ஓசையை எழுப்பிற்று. தலையை அழுத்திப் பிடித்து, மெல்லிய சவ்வு கட்டிய கண்ணாடிக் குவளையின் விளிம்பில் அவர் வைத்ததும் அது கடித்தது. உள்ளே கடுகளவு விஷம் சொட்டிற்று. அதை உறையவைத்து உலர்த்திப் பொடியாக்கும் யந்திர விவகாரம் எனக்குப் புரியவுமில்லை, அதில் மனம் செல்லவுமில்லை. அப்பொடி மருந்துக் கம்பெனிகளுக்குச் சென்று, குதிரைகளின் உடலில் சிறுகச் சிறுகச் செலுத்தப்பட்டு, அவற்றின் இரத்தத்திலிருந்து விஷமுறிவு மருந்தாகத் திரும்புகிறது.

மூன்று நான்கு வாரங்களில் நான்கு தடவை விஷம் எடுத்தபின், வயிற்றுச் செதிலில் சிறு அடையாளம் வெட்டி, பாம்பைக் காட்டில் விட்டுவிடுகிறார்கள். “இங்கேயே வளர்த்துக் குட்டி போட வைத்தால் என்ன, பெரியவரே?” என்றேன். “அதுங்களுக்கு நாள்தோறும் எலி பிடிச்சுப் போடறது யாரு சார்? வெளியே விட்டா அதுவே தேடித் தின்னுக்கும்” என்றார்.

அவருடைய சொத்து ஒரு கடப்பாரை. தகப்பனார் கையிலிருந்து வந்தது. பிடித்துப் பிடித்து நடுப்பாகம் தேய்ந்து பளபளத்தது. “வளை வாயைப் பாத்தாலே தெரியும் சார். வழவழன்னு இருந்தா உள்ளே ஆள் இருக்குது” என்று சொல்லி, எலிவளையைத் தோண்டும்போது பாம்பின் உடலில் படாமல் மண்ணை மட்டும் பெயர்க்கும் லாவகத்தை வெறுந்தரையில் செய்து காட்டினார்.

இதே கடப்பாரைதான் அவருடைய பால்யத்தில் தோலுக்காகப் பாம்புகளைத் தோண்டி எடுத்தது. மழையிலும் முள்ளிலும் அலைந்து உயிரைப் பணயம் வைத்தவனுக்குக் கூழுக்கும் காணாத காசைக் கொடுத்து, அத்தோலைப் பதனிட்டுச் சீமைச் சீமாட்டிகளின் கைப்பைக்காகக் கப்பலேற்றித் தனவந்தர்களான இடைத்தரகர்களின் சரித்திரத்தை எழுதப் புகுந்தால் பேனா கொதிக்கும். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் பின்வந்த ஏற்றுமதித் தடையும் அவ்வியாபாரத்தை ஒழித்தன. தரகன் வேறு சரக்குக்கு மாறிக்கொண்டான்; ஜீவனத்தை இழந்து நின்றவன் இருளன். பாம்பியல் அறிஞர் ரோமுலஸ் விட்டேகரின் முயற்சியில் உருவான இச்சங்கம், அவன் கைவித்தைக்கு உயிருள்ள பாம்பையே மூலதனமாக்கித் தந்தது.

அக்கைவித்தைக்குக் கடல் கடந்தும் மதிப்பு உண்டு. வீட்டில் ஆசைக்கு வளர்த்த பர்மிய மலைப்பாம்புகள் வெளியேறிப் பெருகி, அமெரிக்காவின் ஃபுளோரிடாச் சதுப்பு நிலத்து ஜீவராசிகளை விழுங்கத் தொடங்கியபோது, 2017இல் அந்நாட்டு விஞ்ஞானிகள் அழைத்தது மேற்சொன்ன மாசியையும் வடிவேலையுந்தான். சில வாரங்களில் 25க்கும் மேற்பட்டவற்றைப் பிடித்தார்கள். அப்படிப்பட்ட இவர்கள் ஆண்டுதோறும் எத்தனை பாம்புகளைப் பிடிக்கலாமென்று இங்கே வரையறுப்பது அரசாங்கம். அந்த அனுமதி உத்தரவு பருவம் தவறாமல் இவர்கள் கைக்கு வந்து சேர வேண்டும். அதிகாரிகளுக்கு என் விண்ணப்பம் அவ்வளவே.