குறைவாகக் கதைக்கும் வீடுகள்

கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மருதமுனைப் பக்கம் சில வீடுகளில் 067 என்று தொடங்கும் நிலையான தொலைபேசியை இன்னும் வயதான உம்மாமாருக்காகவே வைத்திருக்கிறார்கள். மகன் கட்டாரில், மகள் புருசனோடு பக்கத்துத் தெருவில். கைத்தொலைபேசியின் திரை உம்மாமாரின் விரலுக்குப் பிடிபடுவதில்லை. மணி அடித்தால் எடுத்துக் காதில் வைக்கலாம், அது போதும். அவர்களாக எடுக்கும் கோல்கள் மாதத்துக்கு ஒன்றிரண்டுதான். தொலைபேசிக் கணக்கில் இவர்கள் குறைந்த பாவனையாளர்கள்.

இப்படியானவர்களுக்குக் கட்டணத்தைக் குறைத்துக் கொடுக்கும் வழக்கம் பல நாடுகளில் உண்டு. சலுகையோடு சிலவேளை ஒரு பூட்டும் வரும். வெளிநாட்டுக்கு எடுக்க முடியாது, தூர ஊருக்கு எடுக்க முடியாது. சிலவற்றில் வருகிற கோலுக்குப் பதில் சொல்ல மட்டும்தான் முடியும். பூட்டுவதில் தவறில்லை. திறப்பு யாரிடம் இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

பூட்டு எங்களுக்குப் பழக்கமானதுதான். சுழற்றும் போன் காலத்தில் டயல் ஓட்டையில் சின்னப் பூட்டைப் போட்டுத் திறப்பை வாப்பாமார் வைத்திருப்பார்கள். ரிசீவர் வைக்கும் தாங்கியைத் தட்டித் தட்டியே இலக்கம் எடுத்துவிடும் கெட்டிக்காரப் பிள்ளைகளும் இருந்தார்கள். டயல் அனுப்பிய துடிப்பையே அந்தத் தட்டலும் அனுப்பியது. பிறகு வெளிநாட்டுக்கு நேரடியாக எடுக்கும் ஐ.டி.டி. வசதி வந்தது, அதை இரகசிய இலக்கம் போட்டுப் பூட்டினோம். அப்போதும் திறப்பு வீட்டுக்காரரிடம் இருந்தது.

அமெரிக்காவில் 1985இல் தொடங்கிய லைஃப்லைன் திட்டத்தில் இந்த நியாயத்தைக் காண்கிறேன். வருமானம் குறைந்தவர்களுக்குக் கட்டணச் சலுகை கொடுத்த அந்தத் திட்டத்தில், நெடுந்தூர அழைப்பை அடைத்துக்கொள்ளும் வசதியும் பின்னர் இலவசமாகச் சேர்ந்தது. அடைப்பதா வேண்டாமா என்பதைப் பாவனையாளரே தீர்மானிக்கலாம். அடைத்துக்கொண்டவரிடம் முற்பணமும் கேட்கக் கூடாது.

மலிவான திட்டம் வகுப்பவர்கள் நிமிடங்களை எண்ணுகிறார்கள். மாதத்தில் ஒரே கோல் எடுக்கும் உம்மாவுக்கு அந்த ஒன்று எதற்காக என்று எண்ணுவதில்லை. நடு இரவில் நெஞ்சு வலித்தால், ஒரு மௌத்துச் செய்தியை ஜனாஸா எடுக்குமுன் சொல்ல வேண்டுமென்றால், அவர் எடுக்கப்போவது பக்கத்துத் தெரு மகளின் கைத்தொலைபேசிக்கு. இன்று ஊரில் அநேகமாக எல்லாருடைய இலக்கமும் கைத்தொலைபேசி இலக்கம்தான். செலவு கூடும் என்று கைத்தொலைபேசிக்கு எடுப்பதை அடைத்தால் முழு ஊரையும் அடைத்ததாகிவிடும். 2004 டிசம்பர் 26இல் கடல் வந்து போன கரை இது. ஒருவருக்கு ஒருவர் உயிரோடிருக்கிறோம் என்று சொல்ல வழியில்லாமல் தவித்ததை இங்கே யாரும் மறக்கவில்லை.

ஆகவே இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடம் என் வேண்டுகோள் இது. சலுகை இணைப்பு எதுவானாலும் 119 பொலிஸ், 1990 அம்புலன்ஸ், 117 அனர்த்த முகாமைத்துவ நிலையம் மூன்றும் திறந்தே இருக்கட்டும். அதோடு பாவனையாளர் தானே சொல்லும் சில இலக்கங்களும், கைத்தொலைபேசியானாலும், திறந்திருக்கட்டும். மற்றதை அவர் விரும்பினால் பூட்டட்டும்.

வெளிநாட்டிலிருந்து லீவில் வரும் தம்பிமாரே, உம்மாவின் போனிலிருந்து எந்தெந்த இலக்கத்துக்குக் கோல் போகிறது என்று நீங்களே ஒருமுறை எடுத்துப் பாருங்கள். மகளுடைய இலக்கத்துக்குப் போகாவிட்டால், திரும்பிப் போகுமுன் அந்தத் திட்டத்தை மாற்றிவிட்டுப் போங்கள்.